ஜோலெட்ரானிக் அமிலம் ட்ரிப்ஸ்: பக்கவிளைவுகளை எப்படி எடைபோடுவது?

நிலா_ஈரோடு

வணக்கம். அம்மாவுக்கு 68 வயது, எடை 48 கிலோ. மூன்று மாதத்துக்கு முன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கியபோது முதுகில் வலி பிடித்தது. எக்ஸ்ரேயில் எல்1 (கீழ் முதுகின் முதல்) முதுகெலும்பு நசுங்கியிருக்கிறது. எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்ஸா ஸ்கேனில் இடுப்பு டி-ஸ்கோர் -3.1, அதாவது எலும்புப்புரை (எலும்பு மெலிந்து எளிதில் உடையும் நிலை). அதற்கு ஆண்டுக்கு ஒருமுறை ஜோலெட்ரானிக் அமிலம் 5 மி.கி. ட்ரிப்ஸ் போடச் சொல்லி மருத்துவர் எழுதியிருக்கிறார்.

ரத்தப் பரிசோதனை: கிரியாட்டினின் 1.1 (ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் போட்டிருக்கிறது), கால்சியம் 8.4, ஆல்புமின் 3.4, வைட்டமின் டி 14. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், பிரஷருக்கு ஒரு மாத்திரை. முழங்கால் வலிக்கு வாரத்தில் நாலைந்து நாள் அசிக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. கீழ்க் கடைவாய்ப்பல் ஒன்று ஆடுகிறது.

காய்ச்சல், தாடை எலும்பு செத்துப்போவது, தொடை எலும்பு உடைவது, சிறுநீரகம் பாதிப்பது என்று நாலு பயம் சொல்கிறார்கள். இதில் எது உண்மையிலேயே கவலைப்பட வேண்டியது, எது அரிது? போடுவதற்கு முன் என்னென்ன சரிபார்க்க வேண்டும்? ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் எலும்பு ஊசி இதைவிடப் பத்திரமானது என்கிறார் உறவினர் ஒருவர். அது சரியா?

மருந்துப்பெட்டி

முதலில் கிரியாட்டினினைப் பாருங்கள். உங்கள் நாலு பயங்களில் அம்மாவுக்கு இப்போது நிஜமாகப் பொருந்துவது சிறுநீரகம்தான். ரிப்போர்ட்டில் இருக்கும் 'நார்மல்' என்ற சொல்லை இங்கே நம்ப முடியாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வந்து சிறுநீரகம் வெளியேற்றும் கழிவு. தசை குறைந்த, மெலிந்த வயதான பெண்மணிக்கு அது குறைவாகத்தான் உருவாகும். அதனால் சிறுநீரகம் பாதி வேலைதான் செய்தாலும் எண் 1.1-லேயே நிற்கும்.

இந்த மருந்துக்குப் பார்க்க வேண்டியது கிரியாட்டினின் கிளியரன்ஸ், அதாவது சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம். பெண்களுக்கான கணக்கு: 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, 0.85-ஆல் பெருக்கி, வருவதை 72 × கிரியாட்டினின் என்பதால் வகுக்க வேண்டும். அம்மாவுக்கு 72 × 48 × 0.85 = 2938. அதை 79.2-ஆல் வகுத்தால் 37. இந்த ட்ரிப்ஸுக்கான எல்லை 35. அதற்குக் கீழே போனால் போடக் கூடாது.

கிரியாட்டினின் 1.2 ஆனால் இதே கணக்கு 34 காட்டும். 0.9 ஆனால் 45 காட்டும். அதாவது புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒரே ஒரு இலக்கம்தான் போடலாமா வேண்டாமா என்பதைத் தீர்மானிக்கிறது. இந்த வகை வலி மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால், அந்த இலக்கத்தை ஏற்றி வைத்திருப்பது அசிக்ளோஃபெனாக்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மருத்துவரிடம் சொல்லிவிட்டு அதை நிறுத்துங்கள். முழங்காலுக்குப் பாராசிட்டமாலும் மேலே தடவும் களிம்பும் போதும். இரண்டு வாரம் கழித்து, நன்றாகத் தண்ணீர் குடித்த நாளில் மறுபடி ரத்தம் கொடுங்கள். பிரஷர் மாத்திரையில் நீர் பிரிக்கும் மருந்து கலந்திருக்கிறதா என்று பட்டையைத் திருப்பிப் பாருங்கள். இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

சிறுநீரகம் ஏன் பாதிக்கிறது என்றால், ஏறிய மருந்தில் சுமார் 40 சதவீதம் முதல் 24 மணி நேரத்திலேயே மாறாமல் சிறுநீரில் போகிறது. மிச்சம் எலும்பில் ஒட்டிக்கொள்கிறது. வேகமாக ஏற்றினாலோ, உடம்பில் நீர் குறைந்திருந்தாலோ, சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் மருந்தின் செறிவு கூடி அங்குள்ள செல்களைக் காயப்படுத்துகிறது. பெரிய ஆய்வில் ட்ரிப்ஸ் போட்ட 9 முதல் 11 நாளுக்குள் கிரியாட்டினின் 0.5-க்கு மேல் ஏறியவர்கள் 1.3 சதவீதம். வெறும் உப்புநீர் ஏற்றியவர்களில் 0.4 சதவீதம். பெரும்பாலோருக்கு ஒரு மாதத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் அந்த ஆய்வில் சேர்த்தவர்கள் எல்லோருமே கிளியரன்ஸை முன்பே பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அதை மறந்துவிட்டு அந்தச் சதவீதத்தை மட்டும் பிடித்துக்கொள்ளக் கூடாது.

கால்சியம் 8.4 என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆல்புமின் குறைவாக இருப்பதால் அதைத் திருத்திப் பார்க்க வேண்டும்: 4-க்கும் 3.4-க்கும் உள்ள வித்தியாசம் 0.6, அதை 0.8-ஆல் பெருக்கினால் 0.48. கூட்டினால் ஏறக்குறைய 8.9. அது போதும். போதாதது வைட்டமின் டி. 14-ஐ வைத்துக்கொண்டு இந்த மருந்தை ஏற்றினால் எலும்பிலிருந்து கால்சியம் வெளியே வரும் வழி அடைபடும். குடலிலிருந்து வர வேண்டியதும் டி இல்லாமல் வராது. ரத்தத்தில் கால்சியம் விழும். வாரத்துக்கு ஒரு 60,000 யூனிட் என்று 8 வாரம் கொடுத்து, 20-ஐத் தாண்டியதா என்று பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும். 30-ஐத் தொட்டால் இன்னும் நல்லது.

குப்பி வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 4 மி.கி., 5 மி.கி. இரண்டும் கடையில் உண்டு. 4 மி.கி. என்பது புற்றுநோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடும் அளவு. கிளியரன்ஸ் குறையக் குறைய 3.5, 3.3, 3 மி.கி. என்று குறைத்துப் போடும் அட்டவணை ஒன்று இணையத்தில் சுற்றுகிறது. அதுவும் புற்றுநோய்க்கானதுதான். எலும்புப்புரைக்கு அப்படி ஓர் அட்டவணை கிடையாது. சீட்டில் எழுதியிருக்கும் மி.கி.-யும் குப்பியில் இருக்கும் மி.கி.-யும் ஒன்றா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

வார்டு_சிஸ்டர்

கிளியரன்ஸைப் பற்றி அவர் சொன்னதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. போடும் நாளையும் அதற்கு அடுத்த மூன்று நாளையும் பற்றி நான் சொல்கிறேன்.

5 மி.கி. மருந்து 100 மி.லி. பாட்டிலில் கரைத்தே வரும். குறைந்தது 15 நிமிடம் என்பது விதி. 20 சொட்டு ஒரு மி.லி. என்ற ட்ரிப் செட்டில் 15 நிமிடத்தில் முடிய, நிமிடத்துக்கு 133 சொட்டு ஓட வேண்டும். கண்ணால் எண்ணி அதைக் கட்டுப்படுத்துவது கடினம், கொஞ்சம் திறந்துவிட்டால் பத்து நிமிடத்தில் காலியாகிவிடும். அம்மாவின் கிளியரன்ஸுக்கு 30 நிமிடமாக ஓட்டச் சொல்லிக் கேளுங்கள், நிமிடத்துக்கு 67 சொட்டு. பம்ப் இருந்தால் மணிக்கு 200 மி.லி. என்று வைத்துவிடலாம். முடிந்ததும் 10 மி.லி. சலைன் விட்டு டியூபைக் கழுவ வேண்டும், இல்லையென்றால் டியூபில் மருந்து நின்றுவிடும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாட்டில் என்றால் அறை வெப்பத்துக்கு வரட்டும். ரிங்கர் லாக்டேட் என்ற ட்ரிப்ஸ் திரவம் ஓடும் அதே லைனில் இதை ஏற்றவே கூடாது. அதில் கால்சியம் இருக்கிறது, மருந்து அதோடு சேர்ந்துவிடும்.

வெறும் வயிற்றில் வரத் தேவையில்லை. காலையில் சாப்பிட்டு, வருவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் அரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் போதும். இதய வீக்கம், நுரையீரலில் நீர் கோப்பது போன்றவை இருப்பவர்களுக்கு மட்டும் இந்தத் தண்ணீர்க் கணக்கு வேறு.

இனி காய்ச்சல். முதல் ட்ரிப்ஸுக்கு மூன்றில் ஒருவருக்கு வரும். அன்று இரவோ மறுநாளோ தொடங்கும்: 101 வரை சூடு, உடம்பு முறித்துப்போட்டது போன்ற வலி, தலைவலி, மூட்டு வலி. மூன்று நாளில் பெரும்பாலும் அடங்கிவிடும். மருந்து உடம்பில் ஒரு வகை டி-செல்களை (நோய் எதிர்ப்பு அணுக்களை) தூண்டிவிடுவதால் வரும் காய்ச்சல் இது, கிருமியால் அல்ல. அலர்ஜியும் அல்ல. ஆய்வில் முதல் முறை 32 சதவீதம் பேருக்கு வந்தது, இரண்டாம் ஆண்டு 7, மூன்றாம் ஆண்டு 3 என்று குறைந்துவிட்டது. முதல் முறை பட்டதை வைத்து அடுத்த ஆண்டை விட்டுவிடுகிறவர்கள் நிறைய. அது பெரிய இழப்பு.

காய்ச்சல் வருமுன்பே பாராசிட்டமால் தொடங்கிவிட வேண்டும். ட்ரிப்ஸ் முடிந்து முக்கால் மணி நேரத்தில் 650 மி.கி. ஒன்று, பிறகு ஆறு மணி நேரத்துக்கு ஒன்று, மூன்று நாள். கல்லீரல் கோளாறு இல்லாதவருக்கு 48 கிலோவுக்கு இந்த அளவு தாங்கும். வேறு சளி மாத்திரையிலும் பாராசிட்டமால் கலந்திருக்கும், அதைச் சேர்த்துப் போட்டுவிடாதீர்கள்.

இதில் நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். உடம்பு வலிக்கிறது என்று பக்கத்து கிளினிக்குக்குப் போனால் இடுப்பில் டைக்ளோஃபெனாக் (அசிக்ளோஃபெனாக் இனத்து வலி மருந்து) ஊசி போட்டு அனுப்புவார்கள். ஜோலெட்ரானிக் அமிலம் ஏறிய மறுநாள், கிளியரன்ஸ் 37 இருக்கும் அம்மாவுக்கு அந்த ஊசிதான் சிறுநீரகத்தைக் கெடுக்கும். எங்கே போனாலும் 'நேற்று எலும்புக்கு ட்ரிப்ஸ் போட்டிருக்கிறது, கிட்னி எண் குறைவு, வலி ஊசி வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நாலாம் நாளுக்குப் பிறகு புதிதாகக் காய்ச்சல் தொடங்கினால் ட்ரிப்ஸ் மேல் பழி போடாமல் டெங்கு உள்ளிட்ட பரிசோதனைகளைப் பாருங்கள். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் பட்டால் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் போக வேண்டும். அரிதுதான், ஆனால் சொட்டு மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் சரியாகிவிடும். உதட்டைச் சுற்றி மரமரப்பு, விரல் இழுத்துப் பிடிப்பது வந்தால் கால்சியம் விழுகிறது என்று அர்த்தம், அன்றே ரத்தம் பார்க்க வேண்டும்.

பல்மருத்துவர்_கோவை

ஆடும் பல்லை ட்ரிப்ஸுக்கு முன் எடுத்துவிடுங்கள். பிடுங்கிய இடத்தில் ஈறு மூட இரண்டு முதல் மூன்று வாரம் ஆகும். சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லையென்றால் இன்னும் தாமதமாகும். அது மூடியதை நாங்கள் பார்த்துச் சொன்ன பிறகு ட்ரிப்ஸுக்கு நாள் குறிக்கலாம். வைட்டமின் டி ஏற்ற எப்படியும் 8 வாரம் காத்திருக்கப் போகிறீர்கள், இந்த வேலை அதற்குள்ளேயே முடிந்துவிடும்.

தாடை எலும்பு செத்துப்போவதைப் பற்றிப் படித்த பெரும்பாலான செய்திகள் புற்றுநோயாளிகளைப் பற்றியவை. அவர்களுக்கு மாதம் ஒருமுறை போகிறது, கூடவே கீமோவும் ஸ்டீராய்டும் இருக்கும். ஆண்டுக்கு ஒருமுறை 5 மி.கி. போட்ட பெரிய ஆய்வில் 7,700-க்கு மேற்பட்ட பெண்களில் இரண்டே பேருக்கு இது வந்தது. அதில் ஒருவர் மருந்தே ஏறாத, உப்புநீர் ஏறிய பக்கத்தில் இருந்தவர்.

ட்ரிப்ஸுக்குப் பிறகு பல் அடைப்பது, ரூட் கேனால், கிளீனிங் எதற்கும் தடையில்லை. பல் பிடுங்க நேர்ந்தாலும் பயந்து சீழை வைத்துக்கொண்டு இருக்காதீர்கள், சீழ்தான் அதிக ஆபத்து. போட்ட மருந்தையும் தேதியையும் சொல்லிவிட்டு எடுத்துக்கொள்ளலாம். பொருந்தாத பல்செட் ஈறில் உரசிப் புண்ணாக்குவதையும் கவனிக்க வேண்டும். எட்டு வாரம் தாண்டியும் வாயில் எலும்பு வெளியே தெரிந்தால்தான் அந்த நோய் என்று சொல்வோம்.

கரிசல்காடு

கிளியரன்ஸ் 37 என்றால் ஏன் இவ்வளவு சுற்ற வேண்டும்? டெனோசுமாப் 60 மி.கி., ஆறு மாதத்துக்கு ஒருமுறை தோலுக்கு அடியில். அது சிறுநீரகம் வழியாக வெளியேறுவதில்லை, கிளியரன்ஸ் எல்லை கிடையாது, இந்தக் காய்ச்சலும் வராது. உறவினர் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

எலும்பும்_ஹார்மோனும்

கரிசல்காடு சொன்ன மூன்றும் சரி. ஆனால் அந்த ஊசியின் ஆபத்து போடும்போது தெரியாது, நிறுத்தும்போதுதான் தெரியும்.

ஜோலெட்ரானிக் அமிலம் எலும்பிலேயே தங்கி ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும். ஒரு தவணை மூன்று மாதம் தள்ளிப்போனால் ஒன்றும் ஆகாது. நியூசிலாந்தில் 65 வயதைத் தாண்டிய, எலும்பு அடர்த்தி ஓரளவு குறைந்த 2,000 பெண்களுக்கு 18 மாதத்துக்கு ஒருமுறை என்று நாலு முறை மட்டும் போட்ட ஆய்வு 2018-ல் வெளியானது. அதிலும் முறிவுகள் 37 சதவீதம் குறைந்தன. டெனோசுமாப் அப்படி அல்ல. ஆறு மாதம் முடிந்ததும் அதன் பிடி விட்டுப்போகும். அடக்கி வைத்த எலும்புச் சிதைவு முன்பைவிட வேகமாகத் திரும்பும். கடைசி ஊசிக்கு ஏழெட்டு மாதத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று முதுகெலும்பு நசுங்கியவர்கள் உண்டு. ஏற்கெனவே ஒன்று நசுங்கியவருக்கு இந்த ஆபத்து இன்னும் கூடுதல். ஊர் மாறியதால், பணமில்லாததால், மறந்துபோனதால் ஒரு ஊசி விட்டுப்போவது நம் வீடுகளில் சாதாரணம். அதை நிறுத்த வேண்டுமென்றால் அந்த இடைவெளியை வேறு மருந்தால் மூட வேண்டும். மூடுவதற்குப் பெரும்பாலும் கொடுப்பது இதே ஜோலெட்ரானிக் அமிலம்தான். அன்றைக்கு அம்மாவின் கிளியரன்ஸ் 30-ஆக இறங்கியிருந்தால் அந்த வழியும் அடைபட்டிருக்கும். தவிர, சிறுநீரகம் மிகவும் கெட்டவர்களுக்கு டெனோசுமாப் கால்சியத்தைக் கடுமையாக இறக்கும். டயாலிசிஸில் இருப்பவர்களைக் குறித்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 ஜனவரியில் இதற்கென்றே மிகக் கடுமையான எச்சரிக்கையைப் பெட்டி கட்டி அச்சிட வைத்தது.

ஆகவே என் வரிசை இது: அசிக்ளோஃபெனாக்கை நிறுத்திப் பார்த்து, கிளியரன்ஸ் 40-க்கு மேல் வந்து நின்றால் ட்ரிப்ஸ். 35-ஐ ஒட்டியே நின்றால் சிறுநீரக மருத்துவரையும் கேட்டுவிட்டு டெனோசுமாப். அதைத் தொடங்கினால், ஆறு மாதத் தேதியைக் குடும்பத்தில் இரண்டு பேராவது குறித்து வைத்திருக்க வேண்டும்.

இப்போது நன்மையையும் ஆபத்தையும் எடைபோடுவோம். 2007-ல் வெளியான ஹொரைசன் ஆய்வில் மூன்று ஆண்டில் மருந்து இல்லாத பக்கம் 100 பெண்களில் 11 பேருக்குப் புதிதாக முதுகெலும்பு நசுங்கியது. மருந்து ஏறிய பக்கம் 3 பேருக்கு. இடுப்பெலும்பு முறிவு 1,000-க்கு 25-லிருந்து 14-ஆக இறங்கியது. அம்மாவுக்கு ஒன்று ஏற்கெனவே நசுங்கிவிட்டது. அடுத்தது வரும் வாய்ப்பு முதல் ஓரிரு ஆண்டில்தான் மிக அதிகம். அதனால் 8 வாரம் தள்ளலாம், 8 மாதம் தள்ளக் கூடாது.

தொடை எலும்பு நடுவில் உடைவது உண்மையான பக்கவிளைவுதான், மறுக்க மாட்டேன். தெற்குக் கலிஃபோர்னியாவில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வின் கணக்கு இது: பெரும்பாலும் இதே குடும்பத்து மாத்திரைகளை மூன்று ஆண்டு எடுத்த ஆசிய வம்சாவளிப் பெண்கள் 10,000 பேரில் 91 இடுப்பு முறிவுகள் தடுக்கப்பட்டன, 8 பேருக்கு இந்தத் தொடை முறிவு வந்தது. வெள்ளையர்களில் 149 தடுக்கப்பட்டன, 2 பேருக்கு வந்தது. நம் பக்கம் தட்டு அவ்வளவு சாயவில்லை என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனாலும் சாய்வது மருந்தின் பக்கம்தான். ஆண்டுகள் ஏற ஏற இந்த ஆபத்து ஏறும், நிறுத்தினால் விரைவாக இறங்கும். அதனால்தான் மூன்று ட்ரிப்ஸ் முடிந்ததும் நின்று கணக்குப் பார்க்கிறோம்.

நீங்கள் கேட்காத ஒன்று: ஹொரைசன் ஆய்வில் கடுமையான இதயத் துடிப்புக் கோளாறு மருந்து ஏறியவர்களில் 1.3 சதவீதம், மற்றவர்களில் 0.5 சதவீதம். இடுப்பு முறிந்தவர்களிடம் நடந்த அடுத்த ஆய்வில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. அம்மாவுக்குப் படபடப்பு இருந்தால் முன்கூட்டியே ஒரு ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, 'எலும்புத் தேய்மானம்' என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்கிறோம். முழங்காலில் இருப்பது மூட்டுத் தேய்மானம், அதற்கு இந்த ட்ரிப்ஸ் ஒன்றும் செய்யாது. போட்ட பிறகும் முட்டி வலிக்கிறது, மருந்து வேலை செய்யவில்லை என்று அம்மா சொன்னால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நிலா_ஈரோடு

எல்லோருக்கும் நன்றி. சிறுநீரக விஷயம் யாரும் இதுவரை சொல்லாதது. இன்னும் இரண்டு கேள்வி. தொடையில் எந்த மாதிரி வலி வந்தால் பார்க்க வேண்டும்? கால்சியம் மாத்திரை எவ்வளவு?

எலும்பும்_ஹார்மோனும்

விழாமல், அடிபடாமல், தொடையின் நடுவிலோ கவட்டியிலோ மந்தமான வலி. கால் ஊன்றி நடந்தால் கூடும், உட்கார்ந்தால் குறையும். முறிவுக்கு வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ முன்பே இது பலருக்கு வருகிறது. இடுப்பு முதல் முட்டி வரை முழுத் தொடை எலும்பும் தெரியும்படி எக்ஸ்ரே எடுக்க வேண்டும், இரண்டு காலுக்கும். இடுப்பு எக்ஸ்ரே மட்டும் எடுத்தால் இடம் விட்டுப்போகும். வெளிப்பக்க ஓரத்தில் சின்னதாக ஒரு மேடு அல்லது கோடு தெரிந்தால் அடுத்த ட்ரிப்ஸை நிறுத்திவிட்டு எலும்பு அறுவை மருத்துவரிடம் போக வேண்டும்.

மருந்துப்பெட்டி

கால்சியம்: சாப்பாட்டோடு சேர்த்து நாளுக்கு 1,200 மி.கி. இலக்கு. ஒரு டம்ளர் பாலில் (200 மி.லி.) சுமார் 240, கேழ்வரகு மாவு 100 கிராமில் சுமார் 350. இரண்டும் தினமும் உண்டென்றால் 500 மி.கி. மாத்திரை ஒன்று போதும். இல்லையென்றால் இரண்டு வேளை. பட்டையில் 'கால்சியம் கார்பனேட் 1250 மி.கி.' என்று இருந்தால் உள்ளே இருக்கும் கால்சியம் 500-தான். உணவோடு போட வேண்டும். தைராய்டு மாத்திரையோ இரும்புச் சத்து மாத்திரையோ இருந்தால் இடையில் நாலு மணி நேரம் விடுங்கள். ட்ரிப்ஸுக்கு முன்பே தொடங்கி, பின்னும் விடாமல் போட வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் ஒரு நாளும் தவறக் கூடாது.

ட்ரிப்ஸ் போட்ட பத்தாம் நாள் கிரியாட்டினின், கால்சியம் இரண்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு போடும் முன்பும் இதே கிளியரன்ஸ் கணக்கை, அன்றைய வயதையும் எடையையும் வைத்துப் புதிதாகப் போட வேண்டும்.